வஞ்சிரம் வறுத்தால் மசாலா கல்லோடு போய்விடுகிறது, உதவுங்கள்

கேட்டவர்:
மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக இதே கதை. அரை கிலோ வஞ்சிரம், விரல் கனத் துண்டுகள். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, ஒரு முழு எலுமிச்சம்பழச் சாறு எல்லாம் பிசறி முந்தைய இரவே ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். இரும்புத் தோசைக்கல்லில் போட்டால் மசாலா கல்லில் ஒட்டிக்கொள்கிறது, திருப்பினால் துண்டு உடைகிறது. "சுறாவுக்குப் பதில் வஞ்சிரத்தில் புட்டு செய்தாயா?" என்று மாமியார் கேட்டுவிட்டார்.

கடலூர்க்காரி:
இரவு முழுவதும் எலுமிச்சையில் ஊறினால் சதை வெளுத்து, பாதி வெந்ததுபோல் ஆகிவிடும். பிறகு உடையாமல் என்ன செய்யும்? அரைப் பழம், அரை மணி நேரம் போதும். கழுவியபின் ஈரம் துடைத்தீர்களா?

கேட்டவர்:
இல்லை அக்கா, வடிதட்டில் வைத்ததோடு சரி. காலையில் பாத்திரத்தின் அடியில் சிவப்பாகத் தண்ணீர் நிற்கும். மசாலா வீணாகக் கூடாதே என்று அதையும் துண்டுகளின் மேல் ஊற்றிவிடுவேன்.

கடலூர்க்காரி:
கெடுத்ததே அந்தத் தண்ணீர்தான்! உப்பு மீனிலிருந்து இழுத்துவிட்ட நீர் அது. கல்லில் விழுந்ததும் எண்ணெயின் சூடு இறங்கிவிடும், மீன் பொரியாமல் அவியும். துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கெட்டியான மசாலாவைப் பூசுங்கள். இரண்டு தேக்கரண்டி அரிசி மாவு சேர்த்தால் பிடித்துக்கொள்ளும். சிலர் ரவையில் புரட்டுவார்கள். எனக்கு அது மீனைத் தின்பதுபோலவே இருக்காது.

இன்னொருவர்:
கல்லையும் பாருங்கள். சோப்புப் போட்டுத் தேய்த்த இரும்புக்கல் ஒட்டத்தான் செய்யும். எண்ணெய் தடவிக் காயவைத்து, திரும்பத் தடவிப் பழக்குங்கள். மீனுக்குத் தனிக் கல் இருந்தால் நல்லது. எங்கள் வீட்டில் மறுநாள் தோசையில் மீன் வாடை வந்து பெரிய சண்டையே நடந்தது. எண்ணெய் நன்றாகக் காய்ந்தபின் துண்டைப் போட்டு, மிதமான தீயில் மூன்று நான்கு நிமிடம் தொடாதீர்கள். அடி முறுகினால் தானாகவே கல்லை விடும். விடவில்லையா, இன்னும் நேரமாகவில்லை என்று பொருள்.

கேட்டவர்:
இன்று ஆறு துண்டில் ஐந்து முழுதாக வந்தன! ஆறாவது என் அவசரத்தால் போனது. ஆனால் மேலே அங்கங்கே கறுப்புப் புள்ளிகள், லேசாகக் கசக்கிறது.

கடலூர்க்காரி:
பூண்டுத் திப்பி கருகியிருக்கும். அடுத்த முறை விழுதை மைய அரைத்துவிடுங்கள்.