பொருள்: விதிட்னெஸ் – தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

வகுப்பறை ஒழுங்கு பற்றி இணையத்தில் கிடைக்கும் பாடங்களை ஆசிரியர்களுக்காகத் தமிழில் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லில் வந்து வேலை நின்றுவிட்டது: விதிட்னெஸ் (withitness). அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கவுனின் 1970இல் வெளியிட்ட ஆய்வில் வரும் சொல். வகுப்புகளைப் படம்பிடித்து, போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார். சேட்டை நடந்த பிறகு ஆசிரியர் எப்படி அதட்டுகிறார் என்பதால் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லையாம். 'இங்கே நடப்பதெல்லாம் டீச்சருக்குத் தெரியும்' என்று பிள்ளைகளுக்கு உறைப்பதுதான் முக்கியம். நமக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, நமக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும். அவர் அளந்தது இரண்டு: ஆசிரியர் சரியான ஆளைக் கூப்பிட்டாரா, சேட்டை பரவுமுன் கூப்பிட்டாரா.

எங்கள் வகுப்பில் பெரிய டிவி வந்ததிலிருந்து எனக்கு இது அன்றாடப் பிரச்சினை. ஒயரைச் செருகத் திரும்பினால் மொத்தப் பிள்ளைகளுக்கும் முதுகைக் காட்டுகிறேன். போன வாரம் அணைந்திருந்த கறுப்புத் திரையில் பின்வரிசை நிழலாகத் தெரிந்தது. ஒருவன் தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி நரம்பை முன்னால் இருப்பவளின் ஜடையில் முடிந்துகொண்டிருந்தான். திரும்பாமலே அவன் பெயரைச் சொன்னேன். வகுப்பே கப்சிப். "டீச்சருக்குப் பிடரியில கண்ணுடி" என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

கண்காணிப்பு, விழிப்புணர்வு இரண்டையும் எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். வேறு சொல் இருந்தால் தாருங்கள்.

– தங்கச்சிமடத்திலிருந்து

———

மறு: விதிட்னெஸ்

அம்மா, அடித்தது சரி. விழிப்புணர்வு என்றாலே பேரணியும் பதாகையும்தான் ஞாபகம் வருகிறது. கண்காணிப்பு அதைவிட மோசம். கண்காணிதான் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கங்காணி ஆனான். நம் மண்டபம் முகாம் வழியாகத்தான் அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஆள் போனது. இந்தப் பக்கத்துக் காதில் அந்தச் சொல்லில் பிரம்பு வாடை அடிக்கும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிரம்பைக் கீழே போடச் சொன்ன பிறகு, சொல்லில் மட்டும் அதை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?

என் பரிந்துரை: சூழ்விழிப்பு.

– கீழக்கரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

———

மறு: மறு: விதிட்னெஸ்

> கண்காணிப்பு அதைவிட மோசம்.

ஐயா, அந்தச் சொல்லை முழுக்கத் தள்ளிவிட வேண்டாம், எனக்குத் தேவைப்படுகிறது. கணினி ஆய்வகத்தில் வெயான் என்ற கட்டற்ற மென்பொருளைப் போட்டிருக்கிறேன். எல்லாப் பிள்ளைகளின் திரையும் என் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும், ஒரே அழுத்தில் அத்தனையையும் பூட்டலாம். இதே வேலையைச் செய்யும் இன்னொன்றுக்கு எபோப்டிஸ் என்று பெயர். கிரேக்கத்தில் மேற்பார்வையாளர் என்று பொருள். அதைச் செய்தவர்களே ஒளிக்கவில்லை. இதற்குக் கண்காணிப்பு என்பதுதான் நேர்மையான சொல்.

ஆனால் டீச்சர் கேட்பது அது இல்லை. வெயானில் திரை தெரியும், திரைக்கு முன்னால் தூங்கி விழுகிறவன் தெரிய மாட்டான். ஒருவன் செல்போனில் விடிய விடிய விளையாடியிருப்பான். இன்னொருவன் இருட்டோடு கரைக்கு வந்த வல்லத்தில் அப்பாவுடன் வலையிலிருந்து மீன் எடுத்துவிட்டு, கையில் கவிச்சி போகாமல் வந்திருப்பான். இரண்டு பேரையும் ஒரே மாதிரி எழுப்பினால் அது என்ன ஒழுங்கு?

சூழ்விழிப்பு இலக்கணப்படி சரி, ஆனால் 'சூழ்' என்றதும் சூழ்ச்சி பக்கம் மனசு ஓடுகிறது. சொல்லை டீச்சரின் மாணவியே கொடுத்துவிட்டாளே. பிடரிக்கண்.

– தொண்டி

———

மறு: மறு: மறு: விதிட்னெஸ்

நன்றி சார். அந்தப் பிள்ளை சொன்னதை எழுதினேனே தவிர, எனக்குத் தோன்றவில்லை.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். 'அவருக்குப் பிடரிக்கண் உண்டு.' சரி. 'பிடரிக்கண்ணை வளர்த்துக்கொள்வது எப்படி?' முதலில் சிரிப்பு வந்தது, நாலாவது தடவை பழகிவிட்டது. போன வருஷம் நான் சிரித்த பிள்ளையைத் திட்டினேன், சிரிக்க வைத்தவன் நல்ல பிள்ளையாகப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குப் பிடரிக்கண் பொய்த்தது என்று எழுதலாம். 'சூழ்விழிப்பு பொய்த்தது' வாயில் வரவில்லை, ஐயா மன்னிக்க வேண்டும்.

கண் என்றதும் பிறவியிலேயே வாய்த்தது போல ஒலிக்கிறதே என்று ஒரு தயக்கம் இருந்தது. எங்கள் தெருவில் விசாரித்தேன். சுக்கான் பிடிக்கிறவர் முன்னால் பார்த்தபடியே, பின்னால் வலை இறங்குகிற சத்தத்தில் சிக்கலைக் கண்டுபிடித்துவிடுவார். "எத்தனை வருஷத்தில் வந்தது?" என்று கேட்டதற்கு, "வலை ரெண்டு கிழிஞ்ச பிறகு" என்றார். தயக்கம் போய்விட்டது.

ஆகவே தொகுப்பில் பிடரிக்கண், முதல் இடத்தில் மட்டும் ஒரு வரி விளக்கம். மென்பொருள் பக்கத்தில் கண்காணிப்பு அப்படியே இருக்கும். ஆய்வேடு எழுதுகிறவர்கள் சூழ்விழிப்பை எடுத்துக்கொள்ளட்டும்.

அப்புறம், ஒருவனை அதட்டினால் அதைப் பார்த்து மற்றவர்களும் மாறுவதை கவுனின் ரிப்பிள் எஃபெக்ட் என்கிறார். அதற்கு நாளை தனி இழை தொடங்குகிறேன்.

– தங்கச்சிமடத்திலிருந்து