டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ட்ரோபோனின்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. நேற்று ராத்திரி மூச்சு வாங்கியதால் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் டி என்ற புரதத்தைப் பரிசோதித்தார்கள்; லிட்டருக்கு 52 நானோகிராம். பக்கத்திலேயே இயல்பு அளவு 14-க்குள் என்று போட்டிருந்தது. மாரடைப்பு என்றே பதறிவிட்டோம். இசிஜியில் புதிதாக ஒன்றும் இல்லை. மூன்று மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள், 53. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது எப்போதுமே கூடுதலாக இருக்கலாம், அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. டயாலிசிஸ் செய்ததும் மூச்சு சீராகிவிட்டது.

"வழக்கமாக எவ்வளவு இருக்கும்?" என்று டாக்டர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. பழைய ரிப்போர்ட் ஒன்று இருக்கிறது, ஆனால் அது வேறு லேபில் எடுத்த ட்ரோபோனின் ஐ என்ற வேறு வகை. இரண்டையும் ஒப்பிட முடியாதாம்.

உங்கள் வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு, உடம்பு நன்றாக இருக்கும்போதே இந்தப் பரிசோதனையை எடுத்து வைத்திருக்கிறீர்களா? எவ்வளவு நாளுக்கு ஒருமுறை? டயாலிசிஸுக்கு முன்பா, பின்பா? சிறுநீரக மருத்துவர்கள், லேப் டெக்னீஷியன்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து வழிகாட்டுங்கள். அடுத்த வாரம் அம்மாவின் டாக்டரைப் பார்க்கிறோம், அதற்குள் என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் பெரிய உதவியாக இருக்கும்.