பிரிவினையா, பிரிகையா? கேட்டலோனியா பாடத்துக்கு ஒரு சொல் வேண்டும்

பசுமலையிலிருந்து:
வணக்கம். மாலை ஐந்துக்குள் வினாத்தாள் அச்சுக்குப் போகணும். ஸ்பெயினிலிருந்து பிரிய முயன்ற கேட்டலோனியா பற்றிய பாடத்தில் 'செசஷன்' (secession, ஒரு பகுதி தானே பிரிந்து தனிநாடாவது) என்பதற்குப் 'பிரிவினை' என்றே நடத்திவிட்டேன். "பிரிவினையில் அவங்களுக்கு எவ்வளவு பங்கு கெடச்சது?" என்று ஒரு மாணவி கேட்கிறாள். பாகப்பிரிவினை பார்த்த வீட்டுப் பிள்ளை. வேறு சொல் உண்டா?

திருமங்கலத்திலிருந்து:
அம்மா, கோளாறு சொல்லில்தான். 1947இல் நடந்தது பிறவினை, நாட்டைப் பிரித்தார்கள். கேட்டலோனியத் தலைநகர் பார்சிலோனா முயன்றது தன்வினை, தானே பிரிவது. 'பிரிவினை' இரண்டையும் ஒரே சாக்கில் கட்டுகிறது. அதோடு நம் அரசியலமைப்பின் 1963ஆம் ஆண்டு 16ஆவது திருத்தத்தைப் பிரிவினைத் தடைச் சட்டம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தி.மு.க. திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்ட பிறகு அந்தச் சொல் வசவாகவே நின்றுவிட்டது. வினாத்தாளில் அதைப் போட்டால் மாட்ரிட்டின், அதாவது ஸ்பெயின் அரசின், தீர்ப்பையும் சேர்த்துப் போட்டதாகும். என் பரிந்துரை: பிரிகை. வருகை போல.

மேலூரிலிருந்து:
பிரிகையை அச்சகத்திலேயே எழுத்துப்பிழை என்று திருத்திவிடுவார்கள். வெறும் 'பிரிவு' என்றாலோ, மாநில அரசின் அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொள்ள வழிசெய்யும் ஸ்பெயின் அரசியலமைப்பு விதியைச் சொல்லும்போது, 'பிரிவுக்கு எதிராக 155ஆவது பிரிவு' என்று வரும்! 'பிரிந்துபோதல்' போதுமே, டீக்கடையிலும் புரியும்.

உசிலம்பட்டியிலிருந்து:
தொல்காப்பியம் இருக்கக் கடன் எதற்கு? பிரிதல் பாலையின் உரிப்பொருள். பிரிந்து கிளம்புவது செலவு. கிளம்பியவன் தலைவிக்காகத் தயங்குவது செலவழுங்கல். அது போகாமல் விடுவதல்ல, தேற்றிவிட்டுப் போகத்தான் என்கிறது கற்பியல். 2017 அக்டோபர் 10 அன்று கேட்டலோனிய அரசின் தலைவர் கார்லஸ் பூஜ்டிமோன் தனிநாடு என்று சொன்ன கையோடு, பேச்சுவார்த்தைக்காக அதை நிறுத்திவைக்கச் சொன்னாரே, அச்சு அசல் செலவழுங்கல்! 27ஆம் தேதி கேட்டலோனிய நாடாளுமன்றம் அறிவித்தே விட்டது. அன்றே மாட்ரிட் 155ஐ எடுத்து அந்த அரசைக் கலைத்தது. அதற்கும் குறளில் ஓர் அதிகாரம் இருக்கிறது: பிரிவாற்றாமை.

மேலூரிலிருந்து:
ஐயா, ரசித்தேன். ஆனால் 'கேட்டலோனியாவின் செலவை விளக்குக' என்று கேட்டால் பிள்ளைகள் பட்ஜெட் எழுதிவைப்பார்கள்.

திருமங்கலத்திலிருந்து:
'பிரிந்துபோதல்' சொல் அல்ல, சொற்றொடர். கலைச்சொல் என்றால் அதிலிருந்து நாலு சொல் கிளைக்க வேண்டும். அந்த இயக்கத்தாரை எப்படிச் சொல்வீர்கள்? பிரிந்துபோவோர் என்றா? பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி இருக்கிறது.

பசுமலையிலிருந்து:
மணி ஐந்தாகிவிட்டது. 'பிரிந்துபோதல்' என்றே போட்டு அனுப்பிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அனுப்பிய பிறகுதான் இரண்டாம் பக்கம் கண்ணில் பட்டது. 2019இல் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் ஒன்பது கேட்டலோனியத் தலைவர்களுக்கு 9 முதல் 13 ஆண்டு வரை சிறை விதித்தது பற்றிய கேள்வி. அதில் 'பிரிவினைவாதிகள்' என்று அப்படியே இருக்கிறது.

திருமங்கலத்திலிருந்து:
பிரிகையர் என்று போட்டிருக்கலாம்.