நேம்நோட் ஐபி மாறிடுச்சு, ஓடிட்டிருக்கற ஜாப் மட்டும் பழைய ஐபியவே தேடுது, ஏன்?

ராத்திரிஷிஃப்ட்:
வணக்கம் மக்களே. ஹடூப் கிளஸ்டர் (நிறைய மெஷின்ல டேட்டாவ பிரிச்சு வெக்கற சிஸ்டம்), ஹெச்ஏ (ஒண்ணு படுத்தா இன்னொண்ணு எடுத்துக்கற ஏற்பாடு) போட்டு ரெண்டு நேம்நோட் (எந்த ஃபைல் எங்க இருக்குன்னு கணக்கு வெச்சுக்கற மெஷின்), ஒண்ணு ஆக்டிவ், இன்னொண்ணு ஸ்டான்ட்பை. ஸ்டான்ட்பை மெஷின் டிஸ்க் போச்சுன்னு வேற மெஷின் வெச்சோம், ஹோஸ்ட்நேம் அதேதான், ஐபி மட்டும் புதுசு, டிஎன்எஸ்லயும் மாத்தியாச்சு. ரெண்டு நாள் ஒண்ணும் ஆகல. நேத்து ராத்திரி ஃபெயில்ஓவர் ஆகி அந்த புது மெஷின் ஆக்டிவ் ஆச்சு பாருங்க, வாரக்கணக்கா ஓடிட்டிருந்த ஸ்ட்ரீமிங் ஜாப் எல்லாம் வரிசையா படுத்துருச்சு. ஆனா அதே பாக்ஸ்ல கமாண்ட் லைன்ல எல்எஸ் அடிச்சா ஃபைல் லிஸ்ட் டக்குனு வருது. ஜேவிஎம் (ஜாவா ப்ரோக்ராம ஓட்டறது) பழைய ஐபிய கேஷ்ல வெச்சிருக்கும்னு, ஸ்டார்ட் பண்றப்ப மைனஸ் டி ஆப்ஷன் போட்டு நெட்வொர்க்அட்ரஸ்.கேஷ்.டிடிஎல் (எத்தன செகண்ட் கேஷ்ல வெச்சுக்கணும்ங்கறது) 10ன்னு ஒரு ஜாப்ல குடுத்து ஏத்தினேன், சரியாயிடுச்சு. எல்லாத்துலயும் போட்டுடலாமா?

பழையபைப்பு:
ஈடிசி ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல (எந்த பேருக்கு எந்த ஐபின்னு எழுதி வெக்கறது) புது ஐபிய எழுதி விடுங்க ப்ரோ, முடிஞ்சது.

சாக்கெட்சாமி:
அதுல எழுதினாலும் பிரயோஜனம் இல்ல, பேர யாராவது திரும்ப கேட்டாத்தானே. ராத்திரிஷிஃப்ட், உங்க ஜாப் சரியானது ரீஸ்டார்ட்னால, டிடிஎல்னால இல்ல. அது செக்யூரிட்டி ப்ராபர்ட்டி, ஜாவா.செக்யூரிட்டி ஃபைல்ல இருக்கணும், மைனஸ் டில குடுத்தா ஜேவிஎம் கண்டுக்கவே கண்டுக்காது. செக்யூரிட்டி மேனேஜர் இல்லாத ஓபன்ஜேடிகேல டிஃபால்ட்டே 30 செகண்ட்தான், அதனால கேஷ் மேல பழி போடாதீங்க.

விஷயம் வேற எடத்துல. ஜாவால இனெட்சாக்கெட்அட்ரஸ் ஆப்ஜெக்ட்ட (ஐபியும் போர்ட்டும் சேத்து வெக்கறது) ஹோஸ்ட்நேம் குடுத்து உருவாக்கினா அப்பவே ஐபிய கேட்டு உள்ள வெச்சுக்கும், அப்புறம் ஜென்மத்துக்கும் கேக்காது. இதுக்குத்தான் ஹடூப்-7472ங்கற பக் டிக்கெட்ல கனெக்ட் டைம்அவுட் ஆனா பேர திரும்ப ரிசால்வ் பண்ற மாதிரி மாத்தினாங்க. உங்க லாக்ல "அட்ரஸ் சேஞ்ச் டிடெக்டட்"னு வருதா பாருங்க, பழைய ஐபி புது ஐபி ரெண்டும் அதே வரில இருக்கும்.

ராத்திரிஷிஃப்ட்:
வருதுங்க! நிமிஷத்துக்கு ரெண்டு மூணு வாட்டி, அதே ஓல்ட் அதே நியூ. கண்டுபிடிச்சும் ஏன் போகல?

சாக்கெட்சாமி:
அங்கதான் கூத்து. ஹெச்ஏ க்ளையன்ட்ல டிஎஃப்எஸ்.க்ளையன்ட்.ஃபெயில்ஓவர்.கனெக்ஷன்.ரீட்ரைஸ்.ஆன்.டைம்அவுட்ஸ் (டைம்அவுட் ஆனா எத்தன தடவை திரும்ப ட்ரை பண்ணணும்ங்கற செட்டிங்) டிஃபால்ட் 0. 20 செகண்ட் காத்திருந்து டைம்அவுட் ஆகுது, புது ஐபிய கண்டுபிடிக்குது, ஆனா இன்னொரு தடவை ட்ரை பண்ண பாக்கி இல்ல, எக்ஸப்ஷன் அடிச்சு அந்த கனெக்ஷனயே தூக்கி போட்டுடுது. அடுத்த கனெக்ஷன் ப்ராக்ஸி (ஜாப்புக்காக நேம்நோட் கிட்ட பேசற ஆப்ஜெக்ட்) கிட்ட இருக்கற பழைய அட்ரஸ்லதான் பொறக்கும், மறுபடி மொதல்லேர்ந்து. ஹெச்ஏ இல்லாத கிளஸ்டர்ல அந்த ரீட்ரை 45, அதான் அங்க எப்படியோ ஒப்பேறிடுது. ஹடூப்-17068 இதே கேஸ்தான், அந்த ஃபிக்ஸ் இருக்கற வெர்ஷனுக்கு போங்க. அதுவரைக்கும் அந்த 0வ 1 ஆக்குங்க, ஆனா 10 செகண்ட் சும்மா இருந்தா கனெக்ஷன் மூடிடும், திரும்ப தொறக்கறப்ப மறுபடி 20 செகண்ட் தண்டம்.

மூணாவதுகண்:
ஜூகீப்பர் (கிளஸ்டர்ல யாரு ஆக்டிவ்னு ஒருங்கிணைக்கற சர்வீஸ்) க்ளையன்ட்லயும் இதே கதைதான் இருந்துச்சு, ஆரம்பத்துல சர்வர் லிஸ்ட்ட ஒரு தடவை ரிசால்வ் பண்றதோட சரி. 3.4.13லதான் சரி பண்ணாங்க, பழைய ஜார் (ஜாவா லைப்ரரி ஃபைல்) ஏதாவது கெடக்குதான்னு பாத்துக்கோங்க.

ராத்திரிஷிஃப்ட்:
டிடிஎல் இல்லாமலே இன்னொரு ஜாப்ப ரீஸ்டார்ட் பண்ணேன், ஓடுது. சாமி சொன்னதுதான். 0வ 1 ஆக்கறதுக்கும் எல்லாத்தயும் ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணியே ஆகணும், மொத்தம் 14 ஜாப். காப்பி போட்டுட்டு வரேன்.