மறு: [கலைச்சொல்] இல்லினாய் மேலவையின் மஞ்சள் பொத்தான்

கயல்:
அன்பர்களே, ஒபாமா மாநில மேலவை உறுப்பினராக இல்லினாய் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் கழித்த ஆண்டுகள் (1997–2004) பற்றிய அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் முட்டுக்கட்டை போடுகிறது. இல்லினாய் மாநில மேலவையில் வாக்களிக்க மூன்று பொத்தான்கள்: பச்சை 'ஆம்', சிவப்பு 'இல்லை', மஞ்சள் 'பிரசன்ட்' (அவையில் இருக்கிறேன்). ஒபாமா போட்ட ஏறத்தாழ 4,000 வாக்குகளில் 130 அளவில் மஞ்சள் என்று, 2008 அதிபர் தேர்தலுக்கான கட்சி வேட்பாளர் போட்டியில் ஹிலாரி கிளின்டன் தரப்பு அவரைக் குடைந்தது. 'நடுநிலை வாக்கு' எனப் போடலாமா?

செழியன்:
வேண்டவே வேண்டாம். 59 பேர் உள்ள அவையில் மசோதா நிறைவேற 30 'ஆம்' தேவை. வந்தவர்களில் பாதிக்கு மேல் என்ற கணக்கே அங்கே கிடையாது. மஞ்சளை அழுத்தினாலும் மசோதாவுக்கு அடிதான், இதில் நடுநிலை எங்கே? 'உள்ளேன் வாக்கு' என்று போடுங்கள். 'உள்ளேன் ஐயா' சொல்லாமல் யார் பள்ளிக்கூடம் தாண்டினோம்?

இளவழகன்:
'உள்ளேன்' தன்மை ஒருமைக் குறிப்பு வினைமுற்று. முற்று எப்படிப் பெயருக்கு அடையாகும்? தவிர, 'வாக்கு' வடசொல். உத்தரமேரூர்க் கல்வெட்டு குடவோலையைத் தந்திருக்கிறது. 'நொதுமல் ஓலை' என்க; நட்பும் பகையும் அற்ற நிலையே நொதுமல். நியூட்ரானே நொதுமி ஆகிவிட்டது.

வானதி:
பொத்தான் அழுத்துகிறவர் கையில் ஓலை எதற்கு ஐயா? நொதுமல் என்றால் என் வகுப்பில் பாதிப்பேர் அகராதியைத் தேடுவார்கள், மீதிப்பேர் கைபேசியை. குறள் 1099: 'ஏதிலார் போலப் பொதுநோக்கு நோக்குதல் காதலார் கண்ணே உள.' மேலே அயலார் பார்வை, உள்ளே வேறு. கருக்கலைப்பு மசோதாக்களில் நடந்ததும் அதுதானே? நெருக்கடியான தொகுதிக்காரர்கள் பழியில்லாமல் தப்ப, மஞ்சளை அழுத்தும் உத்தியை, கருக்கலைப்பு உரிமைக்காக நிற்கும் பிளான்டு பேரன்ட்ஹுட் அமைப்பே வகுத்தது. அவர்களுக்குத் துணையாக ஒபாமாவும் அழுத்தினார். 'பொதுநோக்கு வாக்கு' என்றால் என்ன குறை?

செழியன்:
காமத்துப்பாலைச் சட்டமன்றத்துக்குள் விட்டுவிட்டீர்களே! எல்லா மஞ்சளும் பாசாங்கு இல்லை அம்மா. அரசியல் சட்டப்படி நிற்காது என்று ஐயப்பட்ட மசோதாக்களுக்கும் அப்படி அழுத்தியதாக அவர் தரப்பு விளக்கம் சொன்னது. உங்கள் சொல் தீர்ப்பும் சேர்த்து எழுதிவிடுகிறது.

இளவழகன்:
'ஏதிலார்' வந்ததால் சொல்கிறேன்: அதிலுள்ள 'ஏது' வடமொழி ஹேது என்பாரோடு நான் உடன்படேன். யாது > ஏது. சான்றுகளோடு தனி இழை தொடங்குகிறேன்.

கயல்:
ஐயா, இழை பிறகு. பதிப்பாசிரியர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். தனிமடலில் வந்தவர்களும் செழியன் பக்கமே. 'உள்ளேன்' என்பதை மேற்கோள்குறிக்குள் வைத்து, முதல் இடத்தில் மட்டும் மூன்று பொத்தான்களையும் விளக்கிவிடுகிறேன். வானதி அம்மா, குறள் அழகு, ஆனால் அதற்கே ஒரு பத்தி உரை எழுத வேண்டிவரும்.

வானதி:
சரி, அச்சேறட்டும். 'நடுநிலை' இல்லாமல் போனதே போதும்.

இளவழகன்:
மேற்கோள்குறி போட்டால் இலக்கணம் திருந்திவிடுமா? என் மறுப்பைப் பதிவு செய்க. ஓலைக்கும் இன்னும் யாரும் ஒழுங்கான விடை சொல்லவில்லை.