60-ஐத் தொட்டதும் காருக்குள் விசில் சத்தம்

நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி தாண்டி தினமும் வேலைக்குப் போகிறேன். போகும்போது பெரிதாக ஒன்றும் இல்லை, சாயங்காலம் திரும்பும்போது வேகம் 60-ஐத் தொட்டதும் கீஈஈ என்று காதில் ஊசி குத்துவதுபோல ஒரு சத்தம். பாட்டு, ஏசி எல்லாவற்றையும் நிறுத்தியாச்சு, டாஷ்போர்டில் கிடந்த சில்லறையைக்கூட எடுத்துவிட்டேன். ஒர்க்‌ஷாப்காரர் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லையே என்கிறார். என்னவாக இருக்கும்?

பதில்: பிரேக்கை லேசாக மிதித்தால் சத்தம் நிற்கிறதா? நின்றால் பேட் தேய்ந்து, அதிலுள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கில் உரசுகிறது, உடனே மாற்றுங்கள். வண்டி நிற்கும்போதே ஆக்சிலேட்டர் கொடுத்தால் கேட்கிறது என்றால் இன்ஜின் பெல்ட்.

கேட்டவர்: இரண்டும் இல்லை அண்ணே.

பதில்: மக்கா, அது காத்து. இந்தத் தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்துதான் அடிக்கும், முப்பந்தலில் காற்றாலைகளைச் சும்மாவா நட்டிருக்கிறார்கள்? போகும்போது முதுகில், வரும்போது முகத்தில். ஒர்க்‌ஷாப்காரர் ஊருக்குள் ஓட்டியிருப்பார், எப்படிக் கேட்கும்! மாஸ்கிங் டேப் வாங்கி முன்கண்ணாடி ஓரம், கதவு ஓர ரப்பர் பீடிங், மேலே கேரியர் என்று ஒரு நாளைக்கு ஒரு இடமாக ஒட்டி ஓட்டிப் பாருங்க. எதில் சத்தம் நிற்கிறதோ அதுதான் ஆள்.

கேட்டவர்: மூன்றாம் நாள் பிடித்துவிட்டேன். போன மாதம் முன்கண்ணாடி மாற்றினேன், இடது மேல் மூலையில் ரப்பர் பீடிங் நகம் நுழையுமளவு தூக்கியிருக்கிறது. இப்போதைக்கு டேப்போடுதான் ஓடுகிறது.

பதில்: மழைக்கு முன்னே சரி பண்ணுங்க, தண்ணீர் இறங்கும்.