புதுப்பிப்பு: பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் பயணம்

மூன்று பழைய துறைமுக ஊர்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று சென்ற மாதம் இந்த இழையில் எழுதியிருந்தேன். போய் வந்த பிறகு, அந்தக் கணக்குத் தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். தரங்கம்பாடி மட்டுமே பெரும்பொழுதை எடுத்துக்கொண்டது.

அங்குள்ள டான்ஸ்போர்க் கோட்டையை ஒல்லாந்தர் கட்டியதாகக் குறிப்பிட்டதும் என் பிழை. தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதருடன் 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் அதை எழுப்பியவர்கள் டென்மார்க்கினர். 1845இல் அவர்கள் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஆனால், கோட்டை மதிலைவிட என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது அருகிலுள்ள மாசிலாமணிநாதர் கோயில்தான். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அக்கோயிலின் பழைய கட்டுமானத்தில் ஒரு பகுதியைக் கடல் அரித்துக் கொண்டுபோய்விட்டது. கரையில் கொட்டியிருக்கும் பாறைகள் மீதியைக் காக்கின்றன.

பூம்புகாருக்குச் செல்வோர் கடற்கரையோடு திரும்பிவிடாமல், 1960களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கீழையூர்ச் செங்கல் படகுத்துறையையும் தேடிப் பார்க்க வேண்டும். கடலை விட்டு உள்ளே தள்ளி இருப்பதால் பலர் தவறவிடுகிறார்கள்.

நாகப்பட்டினத்தை இருட்டில்தான் எட்டினேன். சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரம் என்னும் பௌத்த மடத்தின் எச்சமாகக் கருதப்பட்ட கோபுரம் 1867இலேயே இடிக்கப்பட்டுவிட்டதால், பெரிதாக எதையும் இழக்கவில்லை என்று தேற்றிக்கொண்டேன்.